சாமிக்காட்டு மந்தாரை

11.11.1992, புதன்

நேற்று மாலை ஒரு சின்னத் தவறு செய்தேன். வழக்குச் சொத்தாக எடுத்து வைத்திருந்த ஓர் இலையைக் கிழித்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஸ்டேஷன் மேசையில் ஒரு மரச்சட்டம் இருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே பழைய செய்தித்தாள்களை அடுக்கி, வார் போட்டு இறுக்கியது. செடிகொடிகளைத் தட்டையாக உலர்த்த ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருப்பது. அதன் சொந்தக்காரர் பேராசிரியர் கண்ணாயிரம் நேற்றுப் பிற்பகல் முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“தம்பி, உள்ள கிளை இருக்கு. ஈரத்தாள மாத்தலேன்னா பூஞ்சணம் பிடிச்சிடும். ரெண்டே நிமிஷம் என்கிட்ட குடுங்க.”

எஸ்.ஐ. தைலம்மாள் மேடம் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மலைக்குப் போயிருந்தார். கண்ணாயிரம் கேட்டுக்கொண்டே இருந்தது பாவமாக இருந்தது. அவர் போனதும் நானே பிரித்துத் தாளை மாற்றினேன். உள்ளே பூவும் இலையுமாக ஒரு மந்தாரைக் கிளை. இலைகள் எல்லாம் நடு நரம்பில் பாதியாக மடிந்திருந்தன. சங்கராபுரத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு இலையாக மந்தாரை இலைதான் தைக்கிறார்கள். மடிந்த இலையைக் கண்டால் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவி விரிப்பது சின்ன வயதிலிருந்தே கைப்பழக்கம். கை அதைச் செய்துவிட்டது. இலை அரைகுறையாகக் காய்ந்திருந்ததால் மடிப்போடு கிழிந்தது.

அப்படியே மூடி வைத்துவிட்டுத் தட்டச்சு வகுப்புக்குப் போனேன். ஒரு பக்கம்கூடச் சரியாக அடிக்கவில்லை.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்குத் தலை குழம்பிவிடும்.

செவ்வாய், காலை 7.00. கல்வராயன் மலை, வெள்ளிமலைக்கு மேற்கே சாமிக்காடு. அதன் ஓரத்துப் பாறைக்குக் கீழே பேராசிரியர் ஆதிமூலம் இறந்து கிடந்தார். ஐம்பத்தெட்டு வயது, திருநாவலூர்க்காரர். கண்ணாயிரமும் அவரும் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து தாவரவியல் நடத்தியவர்கள். லீவு போட்டுவிட்டு ஒரு கொடியைத் தேடி மலைக்கு வந்திருந்தார்கள்.

உடலைக் கண்டவன் வேடியப்பன். மலையில் கூலி வேலை செய்கிறவன். இருவருக்கும் அவன்தான் வழிகாட்டி. கண்டவன் உடலைத் தொடாமல் இருந்திருக்கலாம். தோளில் போட்டுக்கொண்டு பாதைவரை தூக்கி வந்துவிட்டான். அவன் துண்டு முழுக்க ரத்தம்.

அது போதாது என்று இன்னொன்று. திங்கள் காலை சாமை அறுக்கப் போன பெண்கள், அவன் ஆதிமூலத்தைப் பார்த்து, “கை வெச்சிப் பாரு, அப்புறம் நடக்கறதே வேற” என்று கத்தியதைக் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் சொன்னபடி விழுந்த நேரம் திங்கள் மாலை, இருட்டுகிற சமயம். அந்த நேரத்தில் வேடியப்பன் தன் சாமைக் கொல்லையில் தனியாகக் காவல் இருந்தானாம். பார்த்தவர் யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா நேற்றே சொல்லிவிட்டார்: “வியாழக்கிழமை காலையில அவன அரெஸ்ட் காட்டி கோர்ட்டுல நிறுத்திடுங்க தைலம்மா. இதுல தேட ஒண்ணும் இல்ல.”

“தேடிப் பாத்துட்டு சொல்றேன் சார்” என்றார் மேடம்.

ஆதிமூலத்தின் சட்டைப்பையில் ஒரு கைக்குட்டை இருந்தது. முடிச்சுப் போட்டது. உள்ளே வாடிய மந்தாரைப் பூக்கள் ஒரு பிடி. ஓரங்களில் மண் ஒட்டியிருந்தது. பட்டியலில் அதையும் எழுதினேன்.

செவ்வாய், பிற்பகல். கண்ணாயிரத்தைக் கள்ளக்குறிச்சி லாட்ஜில் கண்டுபிடித்து அழைத்து வந்தோம். நண்பர் இறந்தார் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுத் தெளிவாகப் பேசினார். நான் எழுதிக்கொண்டேன்.

“ஒரு கொடிக்கு எதுக்கு சார் ரெண்டு புரொபசரு?” என்று மேடம் ஆரம்பித்தார்.

“சாதாரணக் கொடி இல்ல மேடம். பௌஹீனியான்னு ஒரு பேரினம். நம்ம ஊரு மந்தாரை, ஆத்தி எல்லாம் அதுல அடக்கம். உலகம் பூரா வெப்ப நாடுகள்ல இருக்கு.”

“பேரு வெள்ளக்காரன் பேரா இருக்குதே?”

அவர் முகம் சற்று மலர்ந்தது. வகுப்பு எடுக்கிறவர் முகம்.

“முந்நூறு வருஷம் ஆச்சு. பிளூமியேன்னு ஒரு பிரெஞ்சுத் துறவி. மேற்கிந்தியத் தீவுகள்ல செடி தேடி அலைஞ்சவர். அவருக்கு ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறை முன்னாடி பௌஹின்னு அண்ணன் தம்பி. ஆயிரக்கணக்கான செடிகளுக்குப் பேர் ஒழுங்கு பண்ணினவங்க. அவங்க ஞாபகமா வெச்சார். பின்னாடி வந்த லின்னேயஸ் அந்தப் பேரையே ஏத்துக்கிட்டார். இந்த இலை ஒரே காம்புல ரெண்டு மடலா பிரியுது இல்லையா? ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு இதவிடப் பொருத்தம் இல்லேன்னார்.”

“அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கலியா?”

“அப்படி ஒண்ணும் தெரியல மேடம்.”

“குடுத்து வெச்சவங்க.”

ஜீப் டிரைவர் ராஜாங்கம் வாசலில் இருந்தே சிரித்தார். “இவங்க ரெண்டு பேரையும் காலேஜ்ல இரட்டை இலைன்னுதான் கூப்புடுவாங்களாம் மேடம்.”

“மெதுவா சொல்லுய்யா. கொலக் கேஸு எலக்‌ஷன் கேஸு ஆயிடப் போவுது.”

கண்ணாயிரம் சிரிக்கவில்லை. மலையில் கண்ட கொடி இதுவரை யாரும் விவரம் எழுதாத வகை என்றார். புதிய செடிக்கு யார் முதலில் விவரம் எழுதி அச்சில் வெளியிடுகிறார்களோ அவர்கள் வைத்த பெயர்தான் நிற்கும். கூடவே அதன் மாதிரிக் கிளை ஒன்றைக் காப்பகத்தில் வைக்க வேண்டும்.

“ரெண்டாவதா வந்தா?”

“ரெண்டாவது பேரு குப்பைக்கு மேடம். கொடியா ஏறுற மந்தாரைங்களத் தனியாப் பிரிச்சு வேற பேரு வெச்சவங்களும் இருக்காங்க. அந்தச் சண்டையே இன்னும் ஓயல. யாராவது இந்த மலைக்கு வந்து முந்திக்கிட்டா எங்க பத்து வருஷம் போச்சு.”

“மாதிரிக் கிளை இல்லேன்னா?”

“கிளை இல்லேன்னா பேரு இல்ல.”

“சரி. திங்கக்கிழமை என்ன நடந்துது?”

“காலையில மூணு பேரும் போனோம். சாமிக்காட்டுல கை வைக்கக் கூடாதுன்னு அந்த ஆளு ஆதிமூலத்துகிட்ட கத்தினான். சமாதானம் பண்ணினோம். பன்னெண்டு மணிக்கு நான்தான் கிளைய வெட்டினேன். ஆதிமூலம் பக்கத்துல நின்னார்.”

“வேடியப்பன்?”

“முறைச்சிக்கிட்டு நின்னான்.”

“வெட்டினத எப்ப சட்டத்துல வெச்சீங்க?”

“அங்கயே, அப்பவே. வாட விட்டு வைக்கிறது கத்துக்குட்டிங்க வேலை. நான் முப்பது வருஷமா இதச் செய்யறவன்.”

“அப்புறம்?”

“மூணு மணி பஸ்ல இறங்கிட்டேன். ஆதிமூலம் ஒரு ராத்திரி தங்கிட்டு வர்றேன்னார். அவன்கூட அவரத் தனியா விட்டுட்டு வந்தேனே, அதுதான் மேடம் மனசு ஆறல.”

லாட்ஜில் விசாரித்தோம். திங்கள் இரவு ஒன்பதரைக்கு வந்தார் என்றார்கள். அதற்குமுன் ஹோட்டலில் சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகக் கண்ணாயிரம் சொன்னார். மூன்று மணி பஸ்ஸின் கண்டக்டர், அன்று சந்தைக் கூட்டம், முகமெல்லாம் ஞாபகம் இல்லை என்றார்.

நேற்றைய கணக்கு அவ்வளவுதான்.

இன்று காலை எட்டு மணி. தூறிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வளாகத்து மரத்தடியில் வேடியப்பன் மனைவி குஞ்சம்மாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“சாமி, நாளைக்கு எங்கியோ கூட்டிக்கினு போறாங்களாமே. ஜெயிலா?”

“தெரியாதும்மா.”

“கொல்லையில சாம நிக்குது. ஆள் இல்லாம பன்னி பூந்துடும். அத்த சொன்னா வுட மாட்டாங்களா?”

உள்ளே போய், மேடம் உட்காரும் முன்பே இலையைக் கிழித்ததைச் சொல்லிவிட்டேன். ‘கான்ஸ்டபிள் பூமாலை தற்காலிகப் பணி நீக்கம்’ என்ற உத்தரவு வரை யோசித்து வைத்திருந்தேன்.

“காட்டு” என்றார்.

சட்டத்தைப் பிரித்தேன். மேடம் வெகுநேரம் பார்த்தார். விரலால் எதையும் தொடவில்லை.

“எங்க கிழிஞ்சுது?”

“நடு நரம்புல, மேடம். மடிப்போட.”

“மத்த இலையும் மடிஞ்சுதான் இருந்துதா? நீ மடிக்கலியே?”

“இல்ல மேடம். எல்லாமே அப்படித்தான் இருந்துது. அவசரத்துல வெச்சிருப்பாரு...”

“அவசரத்துல வெச்சா ஒண்ணு ரெண்டு மடியும். ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் கோணும். இது எல்லாம் ஓரத்துக்கு ஓரம் சேந்துல்ல இருக்குது, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி.”

எழுந்து வெளியே போனார். குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்த மரமும் மந்தாரைதான். ஊதாப் பூ பூக்கிற தோட்டத்து மந்தாரை. மூட்டமாக இருந்தும் இலைகள் அகலமாக விரிந்திருந்தன. மேடம் ஒன்றைப் பறித்து என்னிடம் கொடுத்தார்.

“தாளுக்கு நடுவுல வெச்சு, மேல அந்தச் சட்டப் புஸ்தகத்த ஏத்து. பன்னெண்டு மணிக்கு ரெண்டு பறி. ஒண்ண ஒடனே வெய்யி. ஒண்ணப் பையில போட்டு சாயந்திரம் வரைக்கும் வாட விட்டு வெய்யி. நீ தினம் எத்தினி மணிக்கு டைப்பு கிளாசுக்குப் போற?”

“ஆறரைக்கு மேடம்.”

“போறப்ப இந்த மரத்தப் பாத்திருக்கியா?”

தினமும் அதன் கீழேதான் சைக்கிளை எடுக்கிறேன். இலை எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் இலை மாலையில் மூடிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். புளிய இலையும் அப்படித்தான். மந்தாரை?

பத்து மணிக்கு வேடியப்பனை எதிரில் உட்கார வைத்தார். அவன் நாற்காலியில் உட்கார மறுத்துக் குந்திக்கொண்டான்.

“திங்கக்கிழமை மதியம் கிளைய வெட்டினது யாரு?”

“யாரும் வெட்டலம்மா.”

“அந்தப் புரொபசரு வெட்டினேன்றாரே?”

“வெட்டியிருந்தா நான் சும்மா வுட்டிருப்பனா? சாமிக்காட்டுல வெட்டக் கூடாது, ஒடைக்கக் கூடாது. காத்து ஒடச்சது, தானா வுழுந்தது எடுத்துக்கலாம். எங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான்.”

“அதுக்குத்தான் கத்தினியா?”

“கத்தினேன். ஜாஸ்தியாவே கத்திட்டேன். பெரியவரு ஆதிமூலம் ஐயா புரிஞ்சுக்கினாரு. ‘சரிப்பா, காத்து ஒடைக்கிற வரைக்கும் காத்துக்கினு இருப்போம், இப்ப வுழுந்த பூவு போதும்’னாரு. கூட வந்தவருதான் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தாரு.”

“மதியத்துக்கு அப்புறம்?”

“ரெண்டு பேரையும் வெள்ளிமலையில கொண்டாந்து வுட்டுட்டு கொல்லைக் காவலுக்குப் போயிட்டேன். காலையில பெரியவரக் காணோம்னு தேடிக்கினு போனேன்.”

“பாடிய ஏன்யா தூக்கின? போலீஸ் வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு தெரியாதா?”

“நரி இருக்குதும்மா.”



பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு எண்ணம் விடாமல் அரித்தது. சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டேன்.

“மேடம், இது தோட்டத்து மரம். அது மலைக் கொடி. இது மூடினா அதுவும் மூடும்னு எப்படிச் சொல்றது?”

“சொல்லக் கூடாது. வண்டிய எடுக்கச் சொல்லு.”

வாட விட்ட இலையைச் சாயந்திரமும், பொழுது போனதும் புதிதாக ஒன்றையும் தாளில் வைக்கச் சொல்லி, ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மூன்றரைக்குக் கிளம்பினோம். வழி காட்டக் குஞ்சம்மாளையும் ஏற்றிக்கொண்டோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஜீப் ஏறும்போது அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்குதா?” என்றார் ராஜாங்கம்.

“வண்டிக்கு இன்னா பயம்? உங்க ஓட்டுக்குத்தான் பயம்.”

ஐந்து மணி தாண்டிச் சாமிக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தோம். எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். கொடி ஒரு பெரிய மரத்தைப் பின்னிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. வெளிறிய மஞ்சளில் கொத்துக் கொத்தாகப் பூ. கீழே உதிர்ந்தவை மண்ணில் கிடந்தன. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தண்டு கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டைப் பார்த்ததும் பெரியவர்கள் இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குஞ்சம்மாள் பார்க்கவே இல்லை, திரும்பி நின்றுகொண்டாள்.

இலைகள் விரிந்தே இருந்தன. எதிரே பத்தடியில் பாறை விளிம்பு.

காத்திருந்தோம். மூட்டம் கலையவில்லை. நான் கடிகாரத்தையும் கொடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆறு அடிக்கும்வரை ஒன்றுமே நடக்கவில்லை. என் மனம் எனக்கு எதிராகவே பேசிக்கொண்டிருந்தது: மூடாவிட்டால் நாளை காலை வேடியப்பனுக்கு விலங்கு போடுகிறவன் நான்தான்.

ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. முதலில் மேலே இருந்த இளம் இலைகள். இரண்டு மடல்களும் நடு நரம்பை நோக்கி எழும்பின. எழும்புவதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தன. ஆறே முக்காலுக்கு டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு இலை விடாமல் ஓரத்துக்கு ஓரம் சேர்ந்து மூடியிருந்தன.

“நம்ம தாலுக்காபீஸ் மாதிரி. நேரம் ஆனா மூடிக்கினு போயிடுது” என்றார் ராஜாங்கம்.

நான் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இலை பறிக்கலாம் என்று கை நீட்டினேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இன்னொரு கேஸ் போடட்டுமா உன்மேல?”

சாட்சிகள் கையெழுத்திட, கண்டதை மட்டும் எழுதிக்கொண்டோம்.

கீழே இறங்கும்போது மேடம் ஒரு கடையில் தேநீருக்கு நிறுத்தினார். மரவள்ளிக்கிழங்கு லாரிகள் இரவில் அங்கேதான் நிற்கும். கடைக்காரரிடம் கேட்டார்: திங்கள் இரவு மலையிலிருந்து இறங்கிய லாரிகள் எவை? இரண்டு பெயர் கிடைத்தது.

இதை எழுதும்போதும் எனக்கு ஒரு சந்தேகம். பகலில் பறித்து வாடிய இலையும் இப்படித்தான் மடியும் என்று நாளை கண்ணாயிரம் சொன்னால்?

12.11.1992, வியாழன்

காலை பத்து மணி. இன்ஸ்பெக்டர் ஐயா கைது காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். வேடியப்பன் சுவரோரம் குந்தியிருந்தான். கண்ணாயிரம் குளித்து வெள்ளைச் சட்டையில் வந்தார்.

“இன்னைக்காவது என் சட்டத்தைக் குடுத்துடுவீங்களா மேடம்? தாள் மாத்தி மூணு நாளாச்சு.”

“மாத்தியாச்சு சார். எங்க பூமாலை மாத்திட்டாரு.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கணம் நடுக்கம் இருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, தவறாகவும் இருக்கலாம்.

மேடம் மேசையில் சட்டப் புத்தகத்தை நகர்த்தித் தாள்களைப் பிரித்தார். புதன் காலையில் வைத்தது போக, மூன்று மந்தாரை இலைகள்.

“சார், இது மதியம் பறிச்சு ஒடனே வெச்சது. எப்படி இருக்குது?”

“விரிஞ்சு இருக்கு.”

“இது மதியம் பறிச்சு, வாட விட்டு, சாயந்திரம் வெச்சது.”

அதன் ஓரங்கள் சுருண்டு, ஒரு மடல் கசங்கி, இன்னொன்று அரைகுறையாகத் திரும்பிக் கிடந்தது.

“இது நேத்து பொழுது போன பின்னால எங்க ரைட்டரம்மா பறிச்சு வெச்சது. நாங்க மலையில இருந்தோம்.”

மூன்றாவது இலை மூடிய புத்தகம்போல ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருந்தது. பிறகு மேடம் கண்ணாயிரத்தின் சட்டத்தைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தார். கண்ணாயிரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மந்தாரை இலை ராத்திரியில மூடும்னு எனக்குத் தெரியாதா மேடம்?” என்றார் மெதுவாக. “முப்பது வருஷமா...”

“தெரியும் சார். உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அதனாலதான் தாள மாத்தணும்னு இந்தப் பையன் கால்ல விழாத கொறையாக் கேட்டீங்க. ஈரம் இருக்கிறப்பவே இலைய விரிச்சு வெச்சிட்டா அது பன்னெண்டு மணிக் கிளை ஆயிடும். காஞ்சுபோச்சுன்னா எந்தக் கொம்பனாலயும் விரிக்க முடியாது. விரிச்சா கிழிஞ்சிடும்.”

“வானம் மூடாக்கா இருந்தா பகல்லயே மூடிக்காதா?” என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார்.

“நேத்து நாள் பூரா மூடாக்கு சார். சாமிக்காட்டுக் கொடி ஆறு மணி வரைக்கும் விரிஞ்சுதான் இருந்துது. ரெண்டு சாட்சி இருக்காங்க. இன்னொண்ணு.” மேடம் கைக்குட்டையை எடுத்து வைத்தார். “மண்ணு ஒட்டின பூவு. ஆதிமூலம் பையில இருந்துது. மதியமே பூவோட நல்ல கிளை ஒண்ணு கையில கெடச்சிருந்தா, அம்பத்தெட்டு வயசு மனுஷன் சாயந்திரம் அந்தப் பாறை ஓரத்துக்குத் தனியாப் போயி தரையில உதுந்தத ஏன் பொறுக்குறாரு?”

கண்ணாயிரம் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பஸ் ஏறுனீங்க. அடுத்த வளைவுலயே இறங்கிட்டீங்க. பொழுது போனதும் காட்டுக்குள்ள போயி டார்ச் வெளிச்சத்துல வெட்டுனீங்க. அவரு பூ பொறுக்க வந்தவரு பாத்துட்டாரு. கிளையும் சட்டமுமா கிழங்கு லாரியில ஏறி வந்தீங்க. டிரைவர் காலையில ஏழு மணிக்கே வாக்குமூலம் குடுத்துட்டாரு. மரச்சட்டத்த மடியில வெச்சிக்கினு கொழந்த மாதிரி பிடிச்சிருந்தீங்களாம்.”

“காத்து ஒடைக்கிற வரைக்கும் காத்திருக்கலாம்னார்” என்றார் கண்ணாயிரம். குரல் எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது. “பத்து வருஷம் மேடம். அவருக்குப் பேரு வேண்டாம், எனக்கு வேணும். சட்டத்தப் பிடிச்சு இழுத்தார். நானும் விடல. கடைசியில சட்டம் என் கையில இருந்துது. அவர் இல்ல.”

“கீழ எறங்கிப் பாத்தீங்களா?”

“இருட்டா இருந்துது.”

“கையில டார்ச் இருந்துதே சார்.”



இன்ஸ்பெக்டர் ஐயா கைது காகிதத்தில் எழுதியிருந்த பெயரை அடிக்காமல், தாளையே கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று கேட்டார். கண்ணாயிரத்தை உள்ளே அழைத்துப் போகும்போது அவர் என்னிடம் நின்றார்.

“தம்பி, தாள் மட்டும் தினம் மாத்திடுங்க. கெட்டுப்போனா பேரு வைக்க முடியாது.”

“அது கோர்ட்டு சொத்து சார்” என்றேன்.

பிறகு என் விஷயம். கிழிந்த இலையைப் பற்றி எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கத்தான் செய்வார். மேடம் சொன்னார்: “நீயே கூண்டுல ஏறி நான்தான் கிழிச்சேன்னு சொல்லு. எங்க கிழிஞ்சுது, எப்படிக் கிழிஞ்சுதுன்னும் சொல்லு. நெஞ்சு அடிச்சிக்கும். அடிச்சிக்கட்டும்.”

வேடியப்பனை விடுவிக்கக் கையெழுத்து வாங்கினேன். அவன் உடனே கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். வெளியே மரத்தடியில் புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு குஞ்சம்மாள் படியேறி வந்தாள்.

“அம்மா, அந்தக் கிளையக் குடுத்துடுங்க. நாங்க எடுத்துக்கினு போறோம்.”

“எதுக்கு?”

“சாமிக்காட்டுல ஒடச்சது வெளிய இருக்கக் கூடாது. கொடியோட வேருலயே கொண்டுபோயி போட்டுடணும். இல்லேன்னா எங்க ஊருக்கே ஆவாது. எங்க ஊட்டுக்காரரு கூட்டிக்கினு போன ஆளாலதான இது நடந்துது? அத்தப் போடாம அவரு ஊருக்குள்ள கால் வெக்க முடியாதும்மா.”

மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “அதுதான்ம்மா சாட்சியே. உன் புருஷன வெளிய வுட்டது அந்தக் கிளைதான். கேஸ் முடியற வரைக்கும் குடுக்க முடியாது.”

“எத்தினி நாள் ஆவும்?”

“நாள் இல்ல. வருஷம்.”

குஞ்சம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். “அப்ப அது வரைக்கும் நாங்க காட்டுக்குள்ள போவ வேணாமா?” என்றாள். அவள் மேடத்தைக் கேட்கவில்லை. வேடியப்பனைத்தான் கேட்டாள். அவன், “ஊருல கேட்டுப் பாப்போம். வா, சாம நிக்குது” என்று நடந்தான்.

மேடம் ஜன்னல் வழியாக அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பூமாலை, கேஸ் முடிஞ்சதும் சொத்த அழிக்காம காட்டுக்கே திருப்பித் தரணும்னு கோர்ட்டுல ஒரு மனு போட முடியுமான்னு அரசு வக்கீல், ஏ.பி.பி.ய கேளு” என்றார்.

அப்படி ஒரு மனுவை யாரும் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. யார் பெயரில் போடுவது? சாமியின் பெயரிலா, ஊரின் பெயரிலா, வேடியப்பன் பெயரிலா?

நாளை செய்ய வேண்டியது: அரக்கு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். பத்து மணிக்குள் கிளையை முத்திரையிட்டுக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். ஏ.பி.பி.யைப் பார்த்து மனுவைப் பற்றிக் கேட்க வேண்டும். அவர் என்ன சொன்னாலும், மதிய பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய் வேடியப்பனின் ஊர்ப் பெரியவர்களிடம், கிளையை வெட்டியது அவன் இல்லை என்று நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும்.